கேட்போர் நிலையறிந்து கற்பித்தல்

(அறநெறிப் பாடசாலை ஆசிரியர்க்கும் ஆலயப் பிரசங்கிகளுக்கும் உரிய பாடம்)

சைவசமய உண்மைகளைப் பிறர்க்கு எடுத்துரைக்கப் புகுவோர் இரண்டனை நன்கறிதல் வேண்டும். ஒன்று தாம் சொல்லும் பொருள். மற்றொன்று அதனைக் கேட்போர். முன்னையதை அறிதற்கு நூல்கள் உள, குருமார் உளர், பரீட்சைகளும் உள. பின்னையதற்குப் பரீட்சை யாதுமில்லை. அதனாற்போலும், அதனை அறியாதொழியினும் இழுக்கில்லை என நம்மிற் பலர் எண்ணிவிட்டனர். அவ்வெண்ணத்தால் வரும் கேடு எத்தன்மைத்து என்பதையும், அதனை நீக்குமாறு எங்ஙனம் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வாம்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அறநெறி வகுப்புகள் நிகழ்கின்றன. அம்மண்டபங்களுட் சிலவற்றை யாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேம். முன் வரிசையிலே ஆறு, ஏழு வயதுச் சிறுவர் நிறைந்திருப்பர். அவர்க்குப் பின்னே பத்து வயதினர் சிலர் இருப்பர். பதினான்கு வயதினரைத் தேடிக் காணல் வேண்டும். தனிவகுப்புகளும் கைத்தொலைபேசியும் அவர்களைக் கவர்ந்துகொண்டன எனக் குறை கூறுகின்றோம். அஃது ஒருபுடை உண்மையே. ஆயினும், வந்திருந்த காலத்தில் அவர்க்கு யாது கொடுத்தோம் என்று நம்மை நாமே வினாவுதலும் கடனாம். ஆறு வயதிற் கேட்ட பாடத்தையே பதினான்கு வயதிலும் அதே சொல்லாற் கேட்கும் பிள்ளை, மண்டபத்தை விட்டு நீங்குதல் வியப்பன்று.

முன்னோர் கருத்து

கேட்போரை அறிதல் இக்காலத்து வணிகர் கண்டறிந்த புதிய வித்தையென்று சிலர் நினைப்பர். திருவள்ளுவர் பொருட்பாலிலே அவையறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அவையஞ்சாமையை அதன் பின்னே வைத்தார். அவையை அறிந்த பின்னரே அதற்கு அஞ்சாமை நன்மை பயக்கும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். அவையை அறியாதவன் அஞ்சாமை வெறுந் துணிவேயாம்.

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரை மூவகைப்படுத்தி, அன்னத்தையும் ஆவையும் முதன் மாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடை மாணாக்கர்க்கும் உவமை கூறினார். இதனைப் படிப்போர் பெரும்பாலும் கடை மாணாக்கரை இகழ்தற்கே பயன்படுத்துகின்றனர். அவ்விடத்து ஆசிரியர்க்கும் ஓர் அறிவுரை உண்டு. இடமும் காலமும் தெரிந்து, சொல்லும் பொருளை உள்ளத்து அமைத்து, விரையாமலும் வெகுளாமலும், மாணாக்கன் கொள்ளும் வகையை உணர்ந்து பாடஞ் சொல்லல் வேண்டும் என்பது அவர் கருத்து. எட்டு உவமைகளும் மாணாக்கரைத் தள்ளுதற்கு வகுத்தன அல்ல. எவர்க்கு எவ்வாறு கொடுத்தல் என்பதை ஆசிரியன் தெரிந்துகொள்ளுதற்கு வகுத்தனவேயாம். இல்லிக்குடத்தில் நீர் நில்லாதென்று அறிந்தவன் அதனை ஒருமுறை நிரப்பிவிட்டுப் போகான், பலமுறை வார்ப்பான்.

சித்தாந்தத்தில் இதற்குரிய வேர்

இம்முறை நம் சமயத்துக்குப் புறம்பான உபாயமன்று. இறைவனே குருவாய் நின்று செய்தருளும் முறை இஃது என்பதைச் சைவசித்தாந்த நூல்கள் விளக்குகின்றன. ஆன்மாக்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகையினர். ஆணவம் ஒன்றே உடையவர் விஞ்ஞானகலர். அவர்க்கு இறைவன் உள்நின்று உணர்த்துவான். ஆணவமும் கன்மமும் உடையவர் பிரளயாகலர். அவர்க்குத் தன் திருவுருவோடு முன்னின்று உணர்த்துவான். மும்மலமும் உடையவர் சகலர். அவர்க்கு மானிட வடிவிலே, அவருள் ஒருவன் போல, குருவாய் வந்து உணர்த்துவான். பார்வை விலங்கைக் காட்டி அவ்வினத்து விலங்கைப் பிடித்தலை இதற்கு உவமையாகக் கூறுதல் மரபு. உண்மை ஒன்றே, உணர்த்துவோனும் ஒருவனே, உணர்த்தும் முறை மட்டும் மூன்றாயிற்று. ஏன்? கேட்போர் மூவகையினர் ஆதலின் என்க.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்பாதங்கள் வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே. திருக்கோயிலைக் கூட்டி மெழுகுவோனை நோக்கி, ‘நீ ஞானநூல் கல்லாய், ஆதலின் உனக்குக் கதியில்லை’ என்று நம் ஆகமம் கூறவில்லை. அவன் நிற்கும் படியே முதற்படியாக ஏற்கப்பட்டது. கண்ணப்பர் வாயிற் சுமந்த நீரையும், சாக்கியர் எறிந்த கல்லையும் ஏற்ற பெருமான், அவர் நின்ற இடத்துக்குத் தானே இறங்கி வந்தான். இங்ஙனமாகப் பிரசங்கி ஒருவர், ‘யான் நிற்கும் உயரத்துக்கு நீங்கள் ஏறி வந்தாற் பேசுவேன்’ என்று இருத்தல் எந்தச் சாத்திரத்துக்கு உடன்பாடு?

நாவலர் காட்டிய நெறி

இனி இதற்கு அண்மைக்காலத்துச் சிறந்த எடுத்துக்காட்டு நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822 – 1879). அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத்தைத் தமிழாக்குந் தொழிலிலும் துணை நின்றார். பாதிரிமார் சனங்களுக்கு எவ்வாறு பேசுகின்றனர், எதனை அச்சிடுகின்றனர், பிள்ளைகட்கு எம்முறையிற் பாடம் அமைக்கின்றனர் என்பவற்றை அவர் உடனிருந்து கண்டார். சைவர் வெறுத்து ஒதுங்கி நின்ற காலத்தில் அவர் உற்று நோக்கினார்.

1847 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அது நிகழ்ந்தது. புராணபடனம் கேட்டுப் பழகிய சனங்களுக்கு, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையிலே தொடர்ந்து பேசும் முறை புதிது. ஆயினும் இடம் அவர் அறிந்த கோயில். நாள் அவர் வழிபட வரும் வெள்ளிக்கிழமை. மொழி அவர் மொழி. புதிய முறையைப் பழகிய இடத்திலே, பழகிய நாளிலே வைத்தமையால் அது சனங்கட்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அவர் இயற்றிய நூல்களை வரிசைப்படுத்தி நோக்கின் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு முதற் பாலபாடம். வளர்ந்த பிள்ளைக்கு நான்காம் பாலபாடம். சமயக் கிரியைகளை அறிய விரும்பும் இல்லறத்தார்க்குச் சைவ வினாவிடை. செய்யுளை எடுத்துப் படிக்க இயலாத ஆடவர் பெண்டிர்க்குப் பெரியபுராண வசனம். அக்கதைகளின் உட்கருத்தை ஆராயவல்லார்க்குப் பெரியபுராண சூசனம். இலக்கண மாணாக்கர்க்கு நன்னூற் காண்டிகையுரை. சைவத்தைப் பழித்த கிறித்தவ போதகர்க்கு 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம். இவ்விறுதி நூலிலே அவர் ஆகமத்தை மட்டும் மேற்கோளாகக் கொண்டு வாதிடவில்லை. எதிரிகள் பிரமாணமாகக் கொண்ட விவிலியத்தினின்றே சான்று எடுத்து, ஆலயமும் பலிபீடமும் தீபமும் தூபமும் அவர் வேதத்திலும் சொல்லப்பட்டமையைக் காட்டினார். மாற்றார் ஒப்பும் பிரமாணத்தாலன்றி மாற்றாரைத் தெளிவித்தல் இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒரே ஆசிரியர், ஒரே சமயம், ஒரே சித்தாந்தம். நூல்களோ இத்தனை வகை. ஒவ்வொரு நூலையும் எழுதுமுன் இதனைப் படிப்போர் யாவர் என்பதை அவர் துணிந்துகொண்டமை இதனாற் பெறப்படும். சந்தி பிரித்தும், நிறுத்தக் குறியிட்டும் அச்சிட்டதும் படிப்போர்மீது கொண்ட கருணையே.

பாதிரிமாரிடங் கற்கத்தக்கது

மட்டக்களப்புக்கு வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் என்னும் இளம் பாதிரியார் 1814 இல் வந்தார். ஓராண்டு நிறையுமுன்னே, 1815 இல் நோயால் இறந்தார். அச்சிறு காலத்திலே அவர் தொடங்கிய கல்விப்பணியே பின்னர் இந்நகரத்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. யாமும் மிஷன் தாபித்த பாடசாலை ஒன்றிலேயே கற்றேம். அங்கே எமக்குப் பாடஞ் சொன்னவர்கள் விதைப்பவன், வலைஞன், மேய்ப்பன் கதைகளைச் சொல்லும்போது, வயலிலும் தோணியிலும் வளர்ந்த பிள்ளைகளாகிய யாம் அவற்றை விளக்கமின்றியே விளங்கிக்கொண்டேம். நோயுற்றார் வீட்டுக்குப் போதல், பெயர் சொல்லி விசாரித்தல், வகுப்புக்கு வாராத பிள்ளையின் வீட்டுப்படலை வரை சென்று காரணங் கேட்டல் ஆகிய பழக்கங்களை அவர்களிடங் கண்டேம்.

நம் பிள்ளைகள் பிற சமயம் சார்ந்தமைக்குப் பணமும் பாடசாலையும் காரணமென்று நாம் கூறுவதுண்டு. அக்காலத்துச் சைவப் பாடசாலைகள் பலவற்றின் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகட்கும் திறக்கப்படவில்லை என்பதை அதனோடு சேர்த்துக் கூறுதலே நேர்மை. வாயிலிலே நிறுத்தப்பட்டவன் வேறு வாயிலை நாடினான். கேட்போர் நிலையறிதலின் முதற்கூறு கேட்போரை உள்ளே வரவிடுதலாம்.

மட்டக்களப்பின் நிலை

நாவலர் நெறியைப் பின்பற்றல் வேறு. நாவலர் சொற்களை அப்படியே எடுத்து வேறோர் ஊரில் ஒப்புவித்தல் வேறு. நாவலர் யாழ்ப்பாணத்திலே கண்ணகி வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கண்டித்தார். மட்டக்களப்பிலோ கண்ணகியம்மன் பல ஊர்களுக்கு உயிர்நாடி. வைகாசித் திங்களிலே கோயிற் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்தி ஆடி முடியும் வரை ஊர் முழுவதும் ஒரு நோன்பிலே நிற்கும். வயல் விளைவதும், அம்மை நோய் தணிவதும், மழை பொழிவதும் அம்மாள் அருளென்றே முதியோர் நம்புகின்றனர்.

சில ஆண்டுகட்கு முன்னர்ப் படுவான்கரைக் கிராமம் ஒன்றிலே அச்சடங்குக் காலத்திற் பேச ஒருவர் வெளியூரிலிருந்து அழைக்கப்பட்டார். கற்றவர், சொல்வன்மையும் உடையவர். கண்ணகி காப்பியப் பெண்ணென்றும், அவளுக்கு ஆகமத்தில் இடமில்லை என்றும், கப்புகனார் செய்யும் பூசை முறையன்று என்றும் கூறி, அதன்மேல் முப்பத்தாறு தத்துவங்களையும் ஒரு மணி நேரம் விரித்தார். சனங்கள் மரியாதையோடு இருந்து கேட்டனர். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கலைந்து செல்லும்போது முதியவள் ஒருத்தி எம்மருகில் வந்து, “அவர் எங்கட அம்மாளையா மனே இல்லெண்டு செல்லிற்றுப் போறார்?” என்று கேட்டாள். மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. அடுத்த ஞாயிறு அக்கோயில் மண்டபத்து அறநெறி வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நால்வரே. அவ்வகுப்பு முன்போல் நிறையப் பல மாதங்கள் சென்றன.

அப்பேச்சாளர் பொய் சொல்லவில்லை. தாம் கற்றதையே சொன்னார். ஆயினும் அவர் கூற்றால் ஒருவரேனும் சிவஞானத்தை நோக்கி ஓரடி எடுத்துவைக்கவில்லை. பலர் ஓரடி பின்வாங்கினர். இஃதே கேட்போரை அறியாமையால் வரும் கேடு.

அவ்விடத்திலே வேறு வழி உண்டோ எனின், உண்டு. வழக்குரையிலிருந்தே தொடங்கலாம். அரசன் முன்னே தனித்து நின்று நீதி கேட்ட பெண்ணின் கதையை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். நீதி தவறிய அரசன் உயிர் நீத்தான். ஆதலின் அறம் அரசனிலும் பெரிது என்பது முதற்படி. சினந்த அம்மாளையே ஊரார் அன்னையென்று அழைத்துக் குளிர்த்தி செய்கின்றனர். அன்னையின் சினம் பிள்ளையை அழித்தற்கன்று, திருத்துதற்கே என்பது இரண்டாம் படி. இறைவன் கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும். ஒறுத்தலும் அருளின் ஒரு வடிவே என்பது மூன்றாம் படி. அவ்வருளே அவனது சத்தி. முதலில் மறைத்து நின்று மலத்தைப் பரிபாகப்படுத்தும்போது திரோதான சத்தி எனவும், பின்னர் விளங்கி நிற்கும்போது அருட்சத்தி எனவும் பெயர் பெறும் என்பது நான்காம் படி. குளிர்த்திப் பாடலிலே தொடங்கிய சனங்கள், தம் அம்மாளை இழவாமலே சித்தாந்தத்தின் நடுவே வந்து நிற்பர்.

விபுலாநந்த அடிகளார்

இவ்வாறு பலதிறத்தாரிடமும் அவரவர் வாயிலால் நுழைந்தவர் நம் நாட்டிலே தோன்றிய விபுலாநந்த அடிகளார் (1892 – 1947). கண்ணகியம்மன் கோயில் விளங்கும் காரைதீவிலே பிறந்தார். மிஷன் பாடசாலைகளிலே கற்றார். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். 1924 இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டார்.

அவர் பணிகளைக் கேட்போர் வரிசையில் வைத்து நோக்குக. ஆங்கிலங் கற்றுத் தமிழை மறந்தோர்க்கும், தமிழே கற்று ஆங்கிலத்தை அஞ்சினோர்க்கும் இடையிலே, சேக்கிழாரையும் திருவள்ளுவரையும் அறிந்த கண்ணுக்குச் சேக்ஸ்பியரைக் காட்டும் பொருட்டு மதங்கசூளாமணி எழுதினார். தமிழில் விஞ்ஞானங் கற்போர்க்குக் கலைச்சொல்லாக்கக் குழுவின் தலைவராய் நின்று உழைத்தார். பாரதத்திலும் புறநாடுகளிலும் ஆங்கிலம் படிப்போர்க்குப் பிரபுத்த பாரதம் என்னும் திங்களிதழின் ஆசிரியராயிருந்தார். இசையும் கணிதமும் வல்ல புலவர்க்குச் சிலப்பதிகார அரங்கேற்றுகாதையை ஆதாரமாகக் கொண்டு யாழ்நூல் இயற்றி 1947 இல் அரங்கேற்றினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் வீற்றிருந்த காலத்திலும், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குத் தாமே நடந்து சென்று, தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகட்கு எழுத்தறிவித்தார்.

அவரது சிவானந்த வித்தியாலயம் 1929 இல் இக்கல்லடி உப்போடையிலே எழுந்தது. இன்று அவர் சமாதியும் அவ்வளாகத்திலேயே உளது. அதன் அருகாற் செல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒன்றை எண்ணுதல் தகும்: பல்கலைக்கழக மாணாக்கர்க்குப் பேசிய அதே நாவாற் சேரிப் பிள்ளைக்கு அகரஞ் சொல்லுதல் அவருக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை.

துன்பத்தில் இருப்போர்

கேட்போரின் வயதும் கல்வியும் அறிந்தாற் போதாது. அவர் உள்ளம் அவ்வேளையில் எங்கே நிற்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரமே சாய்ந்தது. பிள்ளைகளை இழந்த தாய்மார் மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் குவிந்திருந்தனர். அவர்க்கு ஆறுதல் கூறச் சென்ற நம்மவருள் ஒருவர், ‘எல்லாம் முன்செய்த வினைப்பயன்’ என்றார். கேட்ட தாயொருத்தி, ‘ஆறு மாதப் பிள்ளை என்ன வினை செய்தது?’ என்று வினாவினாள்.

கன்மக் கொள்கை பொய்யென்று யாம் கூறவில்லை. அஃது ஒருவன் தன் வாழ்வைத் தான் ஆராய்ந்து திருந்துதற்குக் கொடுத்த விளக்கு. அழுகின்றவள் முகத்திலே பிடித்தற்குரிய தீவட்டியன்று. அவ்வேளையில் அவளுக்கு வேண்டியது கஞ்சியும், மாற்றுப் புடைவையும், அருகிலிருந்து கேட்குஞ் செவியுமே. நாவலரும் 1877 இல் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்தார். பசித்தவர்க்குப் பிரசங்கம் அதுவே. மாதங்கள் சென்று, அத்தாய் தானே வந்து, ‘ஏன்?’ என்று அமைதியாக வினாவும் நாள் வரும். அன்று சித்தாந்தம் பேசலாம். அன்றும் மெல்லப் பேசல் வேண்டும். காலமறியாது கூறிய உண்மை, கேட்டவரைச் சமயத்தினின்றே அகற்றிவிடும். அத்தகையோர் சிலரை இழந்துவிட்டோம் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கன

முதலாவது, முன்னே கேட்க; பின்னே பேசுக. புதிய ஊருக்குச் செல்லும் பிரசங்கி ஒரு நாழிகை முன்னதாகவே சென்று, அவ்வூரார் தொழில், கோயில், சடங்கு, அண்மையில் நிகழ்ந்த நன்மை தீமை என்பவற்றை விசாரித்தறிக.

இரண்டாவது, காலம் அறிக. இரவு கடலுக்குச் சென்று விடியலிற் கரையேறும் வலைஞன் காலை ஏழு மணிக்கு வகுப்புக்கு வாரான். அறுவடைக் காலத்திலே படுவான்கரையில் மாலைக் கூட்டம் நிறையாது. அவர் வாராமையைப் பக்தியின்மை என்னாது, நம் மணியை மாற்றுக.

மூன்றாவது, அறிந்த சொல்லிலிருந்து அறியாத சொல்லுக்குச் செல்க. பதி, பசு, பாசம் என்பவற்றைக் கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்வித்தலினும், மாடு மேய்க்கும் ஊரிலே, ‘மாட்டைக் கட்டியிருப்பது யாது? அது யாருடைய மாடென்று எவ்வாறு அறிவீர்?’ என வினாவுக. கயிறென்றும் குறியென்றும் பிள்ளைகளே விடை கூறுவர். பாசம் என்னுஞ் சொல்லுக்குக் கயிறென்பதே பொருளென்று அப்பொழுது சொல்லுக. அப்பிள்ளை அதனை ஆயுள் முழுவதும் மறவாது. பிள்ளை ‘மறுகா’ என்றும் ‘ஒள்ளுப்பம்’ என்றும் பேசினால் நகையாதிருக்க. ‘பிறகு’ என்பதும் ‘சிறிது’ என்பதும் பின்னர்த் தாமே வரும்.

நான்காவது, பிரசங்கம் முடிந்தபின் ஒரு வினாக் கேட்க. ‘விளங்கியதா?’ என்று கேட்பின் எல்லாரும் தலையசைப்பர். ‘இதனை வீட்டிலே அம்மம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்?’ என்று கேட்பின் விளங்கியது எது, விளங்காதது எது என்பது வெளிப்படும்.

மாதிரிப் பாடம்

இவற்றை ஒருங்கு காட்டுதற்கு வந்தியம்மை திருவிளையாடலை எடுத்துக்கொள்வாம். எட்டு வயதுப் பிள்ளைகள் இருபதின்மர் எனக் கொள்க. ஆசிரியர், “இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?” என்று தொடங்குக. “பிட்டு, சேர்” என்று பலர் கூறுவர். “பிட்டு உதிர்ந்துபோனால் உங்கள் அம்மா என்ன செய்வார்?” என்று மேலும் வினாவுக. பின்னர், மாரிகாலத்தில் வாவி பெருகி வயல்களை மூடுவதையும், முகத்துவாரம் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதையும் நினைவூட்டுக. அதன்பின் வைகை பெருகியது, வீட்டுக்கு ஓராள் கரையடைக்கக் கட்டளை பிறந்தது, பிட்டு விற்று வாழும் ஆளில்லாத மூதாட்டி கலங்கியது, உதிர்ந்த பிட்டே கூலியாகப் பெருமான் கூலியாளாய் வந்தது ஆகியவற்றைச் சொல்லுக. பிள்ளைகள் கதையினுள்ளே முன்னரே நிற்பர்.

பாண்டியன் பிரம்பால் அடித்த அடி எல்லார் முதுகிலும் பட்டது என்ற இடத்திலே நிறுத்தி, “ஏன் எல்லாருக்கும் பட்டது?” என்று கேட்க. விடையை உடனே கூறாதிருக்க. “அவர் எல்லாருக்குள்ளேயும் இருக்கிறார்” என்று ஒரு பிள்ளையேனும் கூறும். அந்நொடியிலே சர்வவியாபகம் என்னும் சித்தாந்தப் பொருள் அப்பிள்ளையின் வாயினின்றே பிறந்தது. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுதல் அதன் பின்னரே தகும். இதே கதையைப் பதினான்கு வயதினர்க்குச் சொல்லின் கூலி, உழைப்பு, ஆளில்லாத முதியோரைச் சமூகம் நடத்தும் முறை என்பவற்றைக் கேட்டு வாதிக்க விடுக. கதை ஒன்றே, வாயில் வேறு.

ஆசங்கையும் பரிகாரமும்

அற்றேல், கேட்போர்க்குத் தக்கவாறு பேசின் சமயவுண்மை குறைபட்டுப் போகாதோ எனின், போகாது. வைத்தியன் ஒரே மருந்தைக் குழந்தைக்குத் தேனிலும், முதியோனுக்கு இஞ்சிச் சாற்றிலும், மெலிந்தோனுக்குப் பாலிலும் குழைத்துக் கொடுப்பான். அனுபானம் வேறுபட்டதனால் மருந்து வேறுபடவில்லை. மருந்தையே மாற்றுவோன் வைத்தியனல்லன். அனுபானம் அறியாதோனும் நல்ல வைத்தியனல்லன்.

அங்ஙனமாயின், கூட்டம் சேர்தற்பொருட்டுத் திரைப்பாட்டும் நகைச்சுவையும் கலந்து பேசலாம் எனச் சிலர் துணிவர். அதற்கும் உடன்படோம். 1924 இல் கல்லடிப் பாலம் அமையுமுன்னர் இவ்வாவியைத் தோணியாற் கடந்தனர். தோணிக்காரன் பயணி நிற்குந் துறைக்கு வரல் வேண்டும். வாராதவன் ஒருவரையும் ஏற்றமாட்டான். வந்தபின் அத்துறையிலேயே கட்டிக்கிடந்து கதைபேசுவானாயின் அவனாலும் பயனில்லை. அக்கரை சேர்த்தலே அவன் தொழில். சனங்கள் நிற்குமிடத்துக்குச் செல்லுதல் அவரைச் சிவஞானத்தின்பாற் கொண்டு சேர்த்தற்கே என்பதை ஒருகணமும் மறத்தல் கூடாது.

ஆதலின், சைவ நன்மக்களே, நம் கையிலுள்ள பொருள் உயர்ந்தது என்று கூறிக்கொண்டிருத்தலாற் பயனில்லை. அஃது எவர்க்கு உரியதோ அவர் கையிற் சேர்தல் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை நும் வகுப்பிலே, வாராதொழிந்த பிள்ளைகளுள் ஒருவரின் வீட்டுக்குச் சென்று, உபதேசம் ஒன்றுஞ் செய்யாமல், ‘ஏன் வருவதில்லை?’ என்று கேட்டு, அப்பிள்ளை கூறுவதை முழுதும் செவிமடுத்து வருக. இப்பாடத்தின் முதல் அப்பியாசம் அதுவேயாகும். எல்லார் நிலையும் அறிந்து எல்லார்க்கும் அருளும் சிவபெருமான் திருவருள் நும் முயற்சிக்குத் துணைநிற்பதாக.

பயிற்சி வினாக்கள்

1. மூவகை ஆன்மாக்களுக்கும் இறைவன் உணர்த்தும் முறைகளைக் கூறுக. அவை ஆசிரியர்க்கு உணர்த்தும் பாடம் யாது?

2. ஆறுமுக நாவலர் நூல்களுள் நான்கினை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தகையோரை நோக்கியது என விளக்குக.

3. நும் ஊர்ச் சடங்கு ஒன்றிலிருந்து தொடங்கிச் சித்தாந்தப் பொருள் ஒன்றில் முடியும் பாடத்தை நான்கு படிகளில் அமைக்க.

4. துயருற்றோரிடம் கன்மக் கொள்கையைக் கூறத்தக்க காலம் எது, தகாத காலம் எது? காரணங் காட்டுக.

5. மருந்தும் அனுபானமும் என்னும் உவமையை நும் வகுப்பிற் கற்பித்த ஒரு பாடத்தோடு பொருத்திக் காட்டுக.

திருச்சிற்றம்பலம்